தொழிலாளியின் உடல் எவருடைய சோதனைக் கூடம்?



விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்று பேர் கொடுத்துப் பழகிய பரம்பரை நாம். வரிசையில் நிற்பதும், எண்ணப்படுவதும், பிரித்து அனுப்பப்படுவதும் நமக்குப் புதிதல்ல. ஆனால் இந்தக் கோலாலம்பூரிலேயே ஒருநாள் மனிதர்களை வரிசையில் நிறுத்தி எண்ணிப் பிரித்தார்கள். அது வேலைக்காக அல்ல. எவன் நோயில் விழுகிறான், எவன் பிழைக்கிறான் என்று பார்ப்பதற்காக!

1905-ஆம் ஆண்டு கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பெரிபெரி நோய் பரவியது. கால் மரத்து, உடல் வீங்கி, நெஞ்சு அடைத்துப் பலர் மாண்டனர். டிசம்பர் 5-ஆம் நாள் மருத்துவர் வில்லியம் ஃபிளெச்சர் நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் நிறுத்தி எண்ணினார். ஒற்றைப்படை எண் விழுந்தவர்கள் கிழக்கு விடுதிக்கு. இரட்டைப்படை விழுந்தவர்கள் மேற்கு விடுதிக்கு. கிழக்கே பழையபடி தீட்டிய சயாம் அரிசி. மேற்கே இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி. மற்ற உணவெல்லாம் ஒன்றே.

முடிவு என்ன? புழுங்கலரிசி உண்ட 123 பேரில் பெரிபெரியால் மாண்டவர் ஒருவரும் இல்லை. சயாம் அரிசி உண்ட 120 பேரில் 18 பேர் மாண்டனர். இடையில் இரு விடுதியாரையும் இடம் மாற்றிப் பார்த்தார்கள், நோய்க்குக் காரணம் கட்டடமா என்று அறிய. இடம் மாறியது, அரிசி மாறவில்லை!

இதனால் விளைந்த நன்மையை நாம் மறுக்கவில்லை. நெல்லை அவித்துக் குத்தும்போது தவிட்டிலுள்ள பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்குகிறது. அது இல்லாததே பெரிபெரிக்குக் காரணம் என்று பின்னர் உலகம் அறிந்தது. அந்தச் சோதனை அதற்கு ஒரு படிக்கல். நம் பாட்டன்மார் கப்பலேறி வந்தும் புழுங்கலரிசியை விடவில்லை. அதனாலேயே சீனச் சுரங்கத் தொழிலாளரை வாரிக்கொண்டு போன நோய் நம்மவரை அவ்வளவாகத் தீண்டவில்லை. இதை நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் கண்டு, 1901-லேயே அரிசியின்மேல் ஐயம் எழுப்பியிருந்தார்.

நாம் கேட்பது வேறு கேள்வி. அந்த 120 பேரில் ஒருவனையாவது கேட்டார்களா?

"சித்தம் கலங்கியவனை எப்படிக் கேட்பது?" என்பார்கள். நாமும் அதையேதான் சொல்லுகிறோம்! கேட்டால் பதில் சொல்ல முடியாதவன் என்பதனால்தான் அவன் அந்த வரிசையில் நின்றான். துரைமார் கிளப்பில் சாப்பிட உட்கார்ந்தவர்களை ஒற்றை, இரட்டை என்று எண்ணிப் பிரிக்க எவருக்குத் துணிவு வந்திருக்கும்?

"புதிதாக நஞ்சா கொடுத்தார்கள்? உண்ட சோற்றையே கொடுத்தார்கள், பாதிப்பேர் பிழைத்தார்களே!" என்றும் வாதிப்பார்கள். பாதிப்பேர் பிழைத்தது உண்மை. ஆனால் ஒரு விடுதியில் நோயும் மறு விடுதியில் நலமும் கண்ணுக்குத் தெரிந்த பிறகும், இன்னும் உறுதி வேண்டும் என்று அதே அரிசியை ஆக்கிப் போட்டது எந்த நியாயம்? அந்த உறுதிக்கு விலை கொடுத்தவன் யார்? விலை பேசியவன் யார்?

"அந்தக் காலம் அப்படி" என்பது கடைசி வாதம். அதுவும் நில்லாது. நோயாளியிடம் விளக்கிச் சொல்லி இசைவு பெறாமல், சிகிச்சைக்கல்லாத சோதனை செய்யலாகாது. சுயமாக முடிவெடுக்க இயலாதவர்மேல் அறவே கூடாது என்று பிரஷ்ய அரசு 1900-லேயே மருத்துவமனைகளுக்கு உத்தரவிட்டது. வேறு வழியும் இருந்தது. ஜாவாவில் மருத்துவர் வோர்டர்மன் ஒருவர் சோற்றிலும் கைவைக்காமல், நூறு சிறைகளில் எந்த அரிசி போடுகிறார்கள், எத்தனை பேருக்கு நோய் என்று கணக்கெடுத்தார். தவிடு நீக்காத அரிசி உண்ட சிறைகளில் 10,000 பேருக்கு ஒருவர். தீட்டிய அரிசி உண்ட சிறைகளில் 39 பேருக்கு ஒருவர்! அந்தக் கணக்கு 1897-லேயே அச்சேறிவிட்டது.

மனநோயாளிக்கு அடுத்து யார்? சஞ்சிக்கூலி! 1907-இல் நெகிரி செம்பிலான் காட்டில் சாலை போட வந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளரை இரண்டாகப் பிரித்து அதே அரிசிச் சோதனை நடந்தது. தீட்டிய அரிசி உண்டவரிடையே சில மாதங்களில் பெரிபெரி தோன்றியது. வேலையை விட்டு ஓடினால் தண்டனை என்ற ஒப்பந்தத்தில் கட்டுண்டவனிடம் "சம்மதமா?" என்று கேட்டாலும் அது கேள்வியாகுமா? அவன் "சரி" என்றால் அது சம்மதமாகுமா?

கடல் கடந்தும் இதே கதைதான். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டஸ்கீகி வட்டாரத்துப் பருத்திக்காட்டில் வாரத்துக்குப் பயிரிட்ட ஏழைக் கறுப்பின ஆண்கள் சுமார் 400 பேர் மேகநோயால் வருந்தினர். அரசின் சுகாதாரத் துறை 1932 முதல் 1972 வரை அவர்களுக்கு உற்ற சிகிச்சை தராமல், உண்மையும் சொல்லாமல் வேடிக்கை பார்த்தது. பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. கைம்மாறாகத் தந்தது சாப்பாடும் அடக்கச் செலவும்!

நாஜி மருத்துவர்களை விசாரித்த நியூரம்பெர்க் நீதிமன்றம் 1947-இல் முதல் விதியாக எழுதியது, மனிதனின் சுயவிருப்பமான இசைவு இன்றியமையாதது என்று. 1964-இல் உலக மருத்துவர் சங்கம் ஹெல்சிங்கியில் பிரகடனம் செய்தது. 2024-இல் அதைத் திருத்தியபோது, ஆய்வுக்கு ஆட்படுவோர் என்ற பொருள்படும் பழைய சொல்லை நீக்கிப் 'பங்கேற்போர்' என்று எழுதியது. சொல் மாறியது நன்று. நிலை மாற வேண்டாமா?

நாம் ஆராய்ச்சியின் பகைவர் அல்லோம். நம் பிள்ளைகள் போட்டுக்கொண்ட தடுப்பூசியும் ஆராய்ச்சி தந்ததே. ஆகவே, நம் ரத்தத்தையோ உழைப்பாளியின் நோயையோ ஆராய வருவோரிடம் நாம் வைக்கும் கோரிக்கைகள் இவை:

தொழிலாளியின் தாய்மொழியில் விளக்க வேண்டும். புரியாத காகிதத்தில் வாங்கிய கைநாட்டு இசைவாகாது.

மானேஜரோ, கிராணியோ, கங்காணியோ அருகில் இருக்கக் கூடாது. நமக்குச் சம்பளம் போடுகிறவன் முன்னால் "முடியாது" என்ற சொல் வாயில் வராது.

மறுத்தவனுக்கு வேலையிலும் வீட்டிலும் மருந்திலும் ஒரு குறையும் நேரக் கூடாது. நடுவில் விலகவும் உரிமை வேண்டும்.

நம் உடலில் கண்டதை நமக்கே முதலில் சொல்ல வேண்டும்.

இன்று நம்மோடு தோட்டத்தில் உழைக்கும் இந்தோனேசிய, வங்காளதேச, நேப்பாளத் தோழர்களுக்கும் சேர்த்தே இதைக் கேட்கிறோம். பாஸ்போர்ட்டு பிறர் பெட்டியில் பூட்டப்பட்டிருக்கும் தொழிலாளி, அன்றைய சஞ்சிக்கூலியின் தம்பி. அவனை வரிசையில் நிறுத்த விட்டுவிட்டு நாம் ஒதுங்கி நின்றால், நாளை எண்ணும் விரல் நம் பக்கம் திரும்பும்.

கேட்டு வாருங்கள், கை கொடுப்போம். கேட்காமல் வந்தால், வரிசையில் நிற்க இனி ஆளில்லை!