பெயர்ப்பலகை மட்டும் போதுமா?

(இரண்டாமாண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பார்கள் நம் பெரியோர். ஊர் கூடினால் மட்டும் தேர் நகர்ந்துவிடுமா? வடம் பிடித்தோர் அனைவரையும் ஒரே நேரத்தில் இழுக்க வைக்கும் குரல் ஒன்று வேண்டும். முட்டுக்கட்டை போடுபவரும் அந்தக் குரலுக்கே கட்டுப்பட வேண்டும். இல்லையேல் தேர் தெருவை விட்டுத் திண்ணையில் ஏறிவிடும்!

நாட்டின் பாதுகாப்புக்கும் இது பொருந்தும். தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகிய மூன்றும் ஒரு வட்டாரத்தில் ஒரே தளபதியின் கீழ் இயங்குவதை ஒருங்கிணைந்த கட்டளையகம் என்பர். இந்தியாவில் அவ்வாறு முதன்முதலில் அமைந்தது அந்தமான் நிக்கோபார் கட்டளையகம். பொறுப்பைக் கொடுத்துவிட்டு அதிகாரத்தைக் கொடுக்கத் தயங்கினால், ஒற்றுமை பெயர்ப்பலகையோடு நின்றுவிடும் என்பதே அதன் வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம் என்பது என் கருத்து.

இந்த ஏற்பாடு உலகுக்குப் புதிதன்று. இரண்டாம் உலகப்போரின் பட்டறிவால் அமெரிக்கா 1947லேயே பசிபிக் கட்டளையகத்தை நிறுவியது. சீனா 2016இல் தன் படைகளை ஐந்து வட்டாரக் கட்டளையகங்களாகத் திருத்தியமைத்தது. நம் நாட்டிலோ தரைப்படைக்கு 7, விமானப்படைக்கு 7, கடற்படைக்கு 3 எனத் தனித்தனிக் கட்டளையகங்கள் வளர்ந்தன. தென்னகத்தையே எடுத்துக்கொள்வோம். தரைப்படையின் தென் கட்டளையகம் புனேயிலும், விமானப்படையினுடையது திருவனந்தபுரத்திலும், கடற்படையினுடையது கொச்சியிலும் அமைந்தன. ஒரு திசையைக் காக்க மூன்று ஊர்கள், மூன்று தலைமைகள்!

1999ஆம் ஆண்டின் கார்கில் போர் நம்மைச் சிந்திக்க வைத்தது. போருக்குப்பின் அமைக்கப்பட்ட ஆய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் கே. சுப்பிரமணியம். திருச்சியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் பயின்றவர் அவர். அரசுக் கல்லூரி மாணவர்களாகிய நாம் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தி அல்லவா இது! அக்குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து அமைச்சர் குழு ஒன்று பரிந்துரைகளை வழங்கியது. அதன் பயனாக 2001 அக்டோபரில், போர்ட் பிளேயரில் (2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது) இக்கட்டளையகம் பிறந்தது. வைஸ் அட்மிரல் அருண் பிரகாஷ் அதன் முதல் தளபதி. மூன்று படைகளோடு கடலோரக் காவல்படையின் பிரிவுகளும் அதன்கீழ் வந்தன.

அந்தமானைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அங்குள்ள தீவுகளும் திட்டுகளும் 500க்கு மேற்பட்டவை. சென்னையிலிருந்து 1,200 கி.மீ.க்கு மேற்பட்ட தொலைவிலுள்ள அத்தீவுக் கூட்டம், மலாக்கா நீரிணையின் மேற்கு வாயிலுக்கு எதிரே காவற்காரனைப்போல் நிற்கிறது. அதன் தென்கோடியான இந்திரா முனையிலிருந்து இந்தோனேசியாவின் சுமத்திரா 200 கி.மீ.க்கும் குறைவான தூரம்தான். இராசேந்திர சோழனின் கல்வெட்டு நக்கவாரம் என்று குறிக்கும் நிக்கோபாரின் முக்கியத்துவம் ஆயிரம் ஆண்டுகளாகியும் குறையவில்லை. 1942 முதல் 1945 வரை அத்தீவுகளை ஜப்பானியர் பிடித்து வைத்திருந்ததையும் நாம் மறத்தலாகாது.

அக்கட்டளையகத்துக்கு வந்த பெருஞ்சோதனை பகைவரால் வந்ததன்று, கடலால் வந்தது. 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை கார் நிக்கோபார் விமானப்படைத் தளத்தைச் சூறையாடியது. வீரர்களும் குடும்பத்தாருமாக நூற்றுக்கு மேற்பட்டோர் அங்கே மாண்டனர். இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் ரப்பர்த் தோட்டத்துக்காகக் குடியமர்த்தப்பட்ட கச்சால் தீவும் பேரழிவைக் கண்டது. தன் வீட்டிலேயே சாவு விழுந்த நிலையிலும் அக்கட்டளையகம் தீவுதோறும் மீட்புப்பணியில் ஈடுபட்டது. அந்த நேரத்தில் கப்பலுக்கு ஓரிடத்திலும் விமானத்துக்கு வேறோரிடத்திலும் அனுமதி கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? ஒரே தலைமையின் பயன் அன்றோ அது!

ஆயினும் அத்தலைமையின் கைகள் முழுவதும் அவிழ்க்கப்படவில்லை. தரைப்படைக்கும் விமானப்படைக்கும் 1950ஆம் ஆண்டுச் சட்டங்கள். கடற்படைக்கு 1957ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே, ஒரு படையைச் சேர்ந்த தளபதி தன்கீழ்ப் பணியாற்றும் மற்றொரு படையின் வீரர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்க இயலாமல், அவரைத் தாய்ப்படைக்கே திருப்பி அனுப்பவேண்டிய நிலை இருந்தது. இக்குறையைப் போக்கும் சட்டம் 2023இல்தான் நிறைவேறி, 2024 மே 10 முதல் நடைமுறைக்கு வந்தது. குழந்தை பிறந்து 22 ஆண்டுகள் கழித்துப் பெயர் சூட்டிய கதைதான் இது. கப்பல்களையும் விமானங்களையும் நிலையாக ஒதுக்கித் தரப் படைகள் தயங்கின என்று ஓய்வுபெற்ற அதிகாரிகளும் எழுதியுள்ளனர்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்ததை வீட்டில் சொல்லிப் பார்ப்பது என் வழக்கம். இதைச் சொன்னபோது என் தாயார், "சாவிக்கொத்தைக் கொடுக்காம மூத்த மருமக பொறுப்பை மட்டும் கொடுத்தா அவ என்னடா பண்ணுவா?" என்றார். பள்ளிக்கூடம் பார்க்காத அவருக்குப் புரிந்தது, ஆள்வோருக்குப் புரிய இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

மறுதரப்பு வாதத்தையும் தள்ளிவிட முடியாது. விமானங்கள் குறைவு, அவற்றை வட்டாரத்துக்குக் கொஞ்சமாகப் பிரித்தால் எங்கும் வலிமை இராது, தேவைப்படும் இடத்துக்கு விரைந்து பறப்பதே விமானத்தின் சிறப்பு என்பர் விமானப்படையினர். நிலத்தால் இணைந்த எல்லைகளுக்கு இது நியாயமே. ஆனால் நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவுக்கு, ஆபத்து நேரத்தில் பக்கத்தில் இருப்பதுதான் துணை. ஆகவே எல்லா வட்டாரங்களுக்கும் ஒரே அச்சு வேண்டாம். அந்தமானுக்கேனும் கப்பலும் விமானமும் நிதியும் நிலையாக ஒதுக்கப்பட வேண்டும் என்கிறேன்.

இப்படைகளின் செலவு நம் பெற்றோரின் வியர்வை. அதில் பணியாற்றுவோர் நம் அண்ணன் தம்பியர். நாளை நம்மில் சிலரும் அங்கே இருப்போம். எனவே இதைத் தளபதிகள் மட்டுமே பேசும் பொருள் என்று ஒதுக்கிவிடாமல், மாணவர்களாகிய நாமும் படிப்போம், விவாதிப்போம். பொறுப்பு யார் தோளில் இருக்கிறதோ, சாவியும் அவர் கையில் இருக்கட்டும்!