கால் இழுத்தால் மெக்னீசியம்தானா?

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் ஏதாவது ஓர் உணவகத்தில் உட்கார்ந்து, "ராத்திரியானா கெண்டைக்கால் சுண்டி இழுக்குது" என்று சொல்லிப் பாருங்கள். "மெக்னீசியம் குறைஞ்சிருக்கும் அங்கள், ஒரு போத்தல் வாங்கிப் போடுங்க" என்ற பதில் தே தாரிக் வருவதற்கு முன்பே வந்துவிடும். காரணங்களும் தயாராக இருக்கும்: வியர்வையில் போய்விடுகிறது, வெள்ளையரிசியில் சத்து இல்லை, ரத்தப் பரிசோதனையில் அது தெரியாது. கூடிப்போனாலும் சிறுநீரில் வெளியேறிவிடும், கெடுதல் கிடையாது.

வியர்வைக் கதையை விரைவாக முடித்துவிடலாம். ஒரு லிட்டர் வியர்வையில் போவது சில மில்லிகிராம் மட்டுமே. சாதாரணச் சாப்பாட்டிலேயே ஒரு நாளைக்கு ஏறக்குறைய 300 மில்லிகிராம் கிடைக்கிறது.

அந்த 300-ஐ உடல் எப்படிக் கையாள்கிறது என்பதைத்தான் போத்தல் விற்பவர்கள் சொல்வதில்லை. குடல் அதில் மூன்றில் ஒரு பங்கை, அதாவது சுமார் 100 மில்லிகிராமை, உறிஞ்சுகிறது. உணவில் குறைந்தால் உறிஞ்சும் விகிதத்தைக் கூட்டிக்கொள்ளும். ஒரேயடியாக நிறைய விழுங்கினால் விகிதம் இறங்கிவிடும், மிச்சம் வயிற்றுப்போக்காகப் போகும். சிறுநீரகத்தின் வேலை இதைவிட நுட்பமானது. அது ஒரு நாளில் வடிகட்டும் மெக்னீசியம் கிட்டத்தட்ட 2,400 மில்லிகிராம். அதில் 95 விழுக்காட்டுக்கு மேல் திரும்ப ரத்தத்துக்கே அனுப்பிவிட்டு, உள்ளே வந்த அளவான 100-ஐ மட்டும் வெளியே விடுகிறது. பெரும்பகுதி ஹென்லி வளையம் என்ற நுண்குழாய்ப் பகுதியில் மீட்கப்படுகிறது. கடைசிச் சில விழுக்காட்டை எடுப்பதா விடுவதா என்பது அதற்கு அடுத்த நுண்குழாயில், டிஆர்பிஎம்6 என்ற புரதத்தின் வழியாக முடிவாகிறது. இந்தப் புரதத்தின் மரபணு பழுதாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு மெக்னீசியம் தங்காது, வலிப்பு வரும். 2002-இல் இது கண்டறியப்பட்டது. மற்றவர்களுக்கோ, உணவில் மெக்னீசியம் குறைந்த சில நாள்களிலேயே சிறுநீர் வழி இழப்பு பத்துப் பதினைந்து மில்லிகிராமுக்கு இறங்கிவிடும்.

ரத்தப் பரிசோதனை பற்றிய வாதத்தில் பாதி உண்மை. உடலிலுள்ள சுமார் 25 கிராமில் பாதிக்கு மேல் எலும்பில் கிடக்கிறது. ரத்தத்தில் ஒரு விழுக்காடுகூட இல்லை. எனவே ரத்த அளவு சரியாக இருந்தும் உள்ளே குறைவு இருக்க இடமுண்டு. அதற்காக எல்லோருக்கும் குறைவு என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது. ரத்த அளவு குறைந்திருந்தால் சிறுநீரையும் சோதித்து, குடலில் கோளாறா சிறுநீரகத்தில் கோளாறா என்று மருத்துவரால் பிரித்தறிய முடியும்.

வெள்ளையரிசிப் பயத்துக்கு இந்த ஊரிலேயே பழைய வேர் இருக்கிறது. 1905-இல் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் மருத்துவர் வில்லியம் பிளெட்சர் ஒரு பிரிவினருக்குத் தீட்டிய சயாம் அரிசியும் மறு பிரிவினருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். தீட்டிய அரிசி உண்ட 120 பேரில் பலருக்குப் பெரிபெரி நோய் கண்டது, 18 பேர் இறந்தார்கள். புழுங்கலரிசிப் பிரிவில் ஒரு சாவும் இல்லை. புழுங்கலரிசி உண்ட தோட்டத்துத் தமிழர்களை அந்நோய் தொடாததை மருத்துவர் பிராடனும் கவனித்திருந்தார். ஆனால் அங்கே குறைந்தது தயமின் என்ற பி1 வைட்டமின். அது உடலில் சில வாரத்துக்கு மேல் கையிருப்பு இருக்காது. எலும்பில் இருப்பு வைத்திருக்கும் மெக்னீசியத்துக்கு அந்தக் கணக்கைப் பொருத்தக் கூடாது. அரிசியைத் தீட்டினால் மெக்னீசியமும் போகும் என்பது மெய்தான். அதை ஈடுகட்டக் கேழ்வரகு, பயறு, கீரை, நிலக்கடலை போதும். 100 கிராம் கேழ்வரகிலேயே சுமார் 140 மில்லிகிராம் இருக்கிறது.

சரி, கால் இழுப்பு? முதியவர்களிடம் நடந்த சோதனைகளைத் திரட்டி ஆராய்ந்த காக்ரேன் அமைப்பு, மெக்னீசியம் மாத்திரையால் குறிப்பிடத்தக்க பயன் இருக்க வாய்ப்பில்லை என்று 2020-இல் சொல்லிவிட்டது. கர்ப்பிணிகள் விஷயத்தில் சோதனை முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன.

உண்மையாகவே மெக்னீசியம் குறைகிறவர்கள் இருக்கிறார்கள். கட்டுப்படாத இனிப்புநீர் உள்ளவர்கள், நீர் பிரியும் மாத்திரை உண்பவர்கள், ஓயாத வயிற்றுப்போக்கு உள்ளவர்கள், குடிக்கு அடிமையானவர்கள். நெஞ்செரிச்சலுக்கு ஒமெப்ரசோலை ஆண்டுக்கணக்கில் விழுங்குபவர்களையும் சேர்க்க வேண்டும். இதுபற்றி அமெரிக்க மருந்து நிர்வாகம் 2011-இலேயே எச்சரித்தது. இவர்களுக்குத் தேவை காரணத்தைத் தேடும் மருத்துவர்.

கடைசி வாதம்தான் ஆபத்தானது. கூடுதலானது சிறுநீரில் போய்விடும் என்பது நல்ல சிறுநீரகத்துக்கு மட்டுமே பொருந்தும். சிறுநீரகம் தேய்ந்தவருக்கு மெக்னீசியம் தேங்கும்; தசை தளரும், ரத்த அழுத்தம் விழும், முற்றினால் இதயமே நிற்கலாம். 2019 தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில் வயதுவந்த மலேசிய இந்தியர்களில் ஏறத்தாழ 10 பேரில் 3 பேருக்கு இனிப்புநீர். இந்நாட்டில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இனிப்புநீர்க்காரர்கள். "கெடுதல் கிடையாது" என்ற சொல் எந்தக் காதில் விழுகிறது என்று பாருங்கள்.

உங்களுக்கு இனிப்புநீரோ ரத்தக் கொதிப்போ இருந்தால், போத்தலுக்கு வெள்ளியை நீட்டுமுன் கிளினிக்கில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் உங்கள் கிரியேட்டினின் அளவைக் கேளுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களென்றால், அந்தப் போத்தலையும் நீங்கள் உண்ணும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.