ட்ரெக்டர் பெட்டியில் நம் பிள்ளைகள்

ட்ரெக்டர் பெட்டி கொழுந்து ஏற்றுவதற்கு. ஆனால் பஸ் வராத டிவிசன்களில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும் அதில்தான், பக்கப் பலகையில் உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு. குழி விழுந்த பாதையில் ஒரு பிள்ளை தவறி விழுந்தால், "சின்னக் காயந்தான்" என்று லயத்துக்குத் தூக்கிப் போவதை நாம் பல தடவை பார்த்திருக்கிறோம்.

வெளிக்காயத்தை வைத்து உள்காயத்தை அளக்க முடியாது. மண்டைக்குள் இரத்தம் கசிந்தாலும் முதல் சில மணி நேரம் பிள்ளை ஓடி விளையாடக்கூடும். திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் தெளியாத தூக்கம், வலிப்பு, மூக்காலோ காதாலோ இரத்தம் அல்லது தெளிந்த நீர், கொஞ்ச நேரமாவது நினைவு தப்பியது, இவற்றில் ஒன்று இருந்தாலும் தோட்ட டிஸ்பென்சரி மாத்திரையோடு காத்திருக்கக் கூடாது. 1990 சுவசெரிய அம்பியூலன்ஸை அழையுங்கள். அதற்குக் காசு இல்லை. கழுத்து வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளையைத் தூக்கி நிறுத்தாதீர்கள்.

எக்ஸ்ரே எலும்பு முறிவைக் காட்டும், மூளைக்குள் கசிந்த இரத்தத்தைக் காட்டாது. அதற்கு சி.டி. ஸ்கேன் வேண்டும். சில்லு வயிற்றில் ஏறினால் ஈரலோ மண்ணீரலோ கிழிந்திருக்கலாம். அதைப் பெரும்பாலும் முதலில் அல்ட்ராசவுண்டில் பார்ப்பார்கள், அதில் கதிர்வீச்சு இல்லை.

அதற்காக, ஸ்கேன் எடுத்தே ஆகவேண்டும் என்று வைத்தியரோடு சண்டை பிடிக்கவும் வேண்டாம். ஒரு தலை சி.டி.யில் படும் கதிர் ஏறக்குறைய 100 நெஞ்சு எக்ஸ்ரேக்குச் சமம். வளரும் பிள்ளைக்குத் தேவையில்லாமல் அதைக் கொடுக்கக் கூடாது. அறிகுறி இல்லாத பிள்ளையைச் சில மணி நேரம் வார்டில் வைத்துக் கவனிப்பதும் வைத்தியந்தான். வேறு வைத்தியசாலைக்கு மாற்றினால் எடுத்த படத்தைக் கேட்டு வாங்கிக் கொண்டுபோங்கள், மறுபடி எடுக்க வேண்டி வராது.

பிள்ளை விழுந்தால் "குறும்பு" என்று சொல்லிக் கைகழுவும் நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. ஏறக் கூடாது என்று போர்ட் தொங்கவிடுவது லேசு. மழையில் மூன்று கட்டை நடக்கிற பிள்ளை அந்தப் போர்டைப் பார்க்காது. பிள்ளைகளுக்கு இருக்கையுள்ள வாகனம் வேண்டும். அம்பியூலன்ஸ் ஏற முடியாத டிவிசன்களில், இரவிலும் புறப்படக்கூடிய ஒரு வாகனமும் சாரதியும் குறித்து வைக்கப்பட வேண்டும். அடிபட்ட பிள்ளையோடு பங்களா வாசலில் நின்று லொறி கேட்கும் நிலை இனி வேண்டாம்.

தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமார் இந்த இரண்டு கோரிக்கைகளையும் அடுத்த லேபர் டே அன்று எழுத்தில் கொடுத்து, பிரதியை நமது காரியாலயத்துக்கு அனுப்பி வையுங்கள்.