டிக்கெட் விலை மட்டும்தான் தடையா?

அரங்கில் இருக்கைகள் காலியாகக் கிடந்தால், "டிக்கெட் விலையைக் குறையுங்கள்" என்கிறோம். பெக்கான் நானாஸ் மாணவன் என்ற முறையில் எனக்கு அது பாதிக் கணக்காகவே படுகிறது.

முன்பு ஜேடிதி குழு ஜொகூர் பாரு லார்க்கின் அரங்கில் விளையாடியது. பேருந்து முனையம் பக்கத்திலேயே இருக்கிறது. 2020இல் இஸ்கண்டார் புத்ரியின் சுல்தான் இப்ராஹிம் அரங்கத்துக்கு மாறியது. 40,000 பேர் அமரலாம். அருமையான அரங்கம், மறுப்பதற்கில்லை. ஆனால் கார் இல்லாத மாணவர் எப்படிப் போவது? இரவு ஆட்டம் முடியப் பத்து மணிக்கு மேலாகிவிடும். அந்நேரத்தில் எங்கள் ஊருக்குக் கிராப் எடுத்தால் கட்டணம் டிக்கெட்டையே மிஞ்சும். அப்பாவின் காரோ நண்பனின் மோட்டாரோ கிடைத்தால் அரங்கம்; இல்லையென்றால் மாமாக் கடைத் தொலைக்காட்சி.

விலை முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்து பிரிமியர் லீக், ரசிகர்கள் விடாமல் கேட்டதால், 2016இல் வெளியூர் ரசிகர்களின் டிக்கெட்டுக்கு 30 பவுன் உச்சவரம்பு வைத்தது. ஜெர்மனியிலோ பல குழுக்களின் டிக்கெட்டைக் காட்டினாலே ஆட்ட நாளில் உள்ளூர் பேருந்தும் ரயிலும் இலவசம். எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது வழிதான்.

2014 முதல் 2024-25 வரை தொடர்ந்து 11 முறை லீக்கை வென்ற குழுவுக்கு, பொந்தியானிலிருந்து பெக்கான் நானாஸ் வழியாக ஒரு பேருந்து விடுவது பெரிய காரியமா? மாணவர் டிக்கெட்டோடு அதையும் சேர்த்து விற்கலாம். இரவில் திரும்பும் பேருந்து மட்டும் உறுதியாக வேண்டும். போகும்போது எப்படியாவது போய்விடுவோம்.