மியூனிக்கிலிருந்து ஒருநாள் டிக்கட்



மாவனல்லையிலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதம் இரண்டு வாரமாக என் மேசையில் கிடக்கிறது. மகன் ஜேர்மனியில், மியூனிக் நகரத்தில் தொழில் செய்கிறாராம். "உம்மா, வாப்பாவையும் தாத்தாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை வந்து போங்கள்" என்று ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் சொல்கிறாராம். கையில் இருப்பது சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசும், ஒரு சோடி வளையல் விற்ற காசும். விமான டிக்கட் போடும் இடத்தில், "அவ்வளவு தூரம் போய் நாலு ஊர் பார்க்காமல் வருவதா? ஆளுக்கொரு ரயில் பாஸ் வாங்குங்கள்" என்றிருக்கிறார்கள். "மௌலவி, பாஸை வாங்கினால் கையில் மிஞ்ச ஒன்றுமில்லை. வாங்காமல் போனால் அங்கே இன்னும் கூடச் செலவாகுமோ என்று பயம்" என்று அந்தத் தாய் எழுதியிருக்கிறார்.

இது மௌலவியிடம் கேட்கும் கேள்வியா என்று சிரிக்க வேண்டாம். 2018ஆம் ஆண்டு நானும் என் மனைவியும் அதே நகரத்தில் என் தம்பி வீட்டில் மூன்று வாரம் தங்கினோம். அங்கே பணத்தை வீணாக்கியும் இருக்கிறேன், மிச்சம் பிடித்தும் இருக்கிறேன்.

சகோதரி, பாஸை வாங்காதீர்கள்.

யூரெயில் பாஸ் மோசமான சாமான் அல்ல. 1959ஆம் ஆண்டு தொடங்கியது. இன்று 33 நாடுகளில் செல்லும். ஒவ்வொரு நாளும் ஒரு தேசமாக ஓடுகிற இளைஞருக்கு அது லாபம். நீங்களோ மகன் வீட்டில் தங்கி, காலையில் போய் இரவில் திரும்பப் போகிறவர்கள். பாஸில் ஒரு நாளுக்குள்ள பெறுமதி, ஒன்றரை மணி நேரப் பிரயாணத்தில் கரைந்துவிடும். இன்னொன்றையும் சொல்ல மறந்திருப்பார்கள். பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் நாடுகளின் வேக ரயில்களில் பாஸ் இருந்தாலும் ஆசன ஒதுக்கீட்டுக்குத் தனியாகக் காசு கட்டவேண்டும். ஒரு பெரியவருடன் 4 முதல் 11 வயதான இரண்டு பிள்ளைகளுக்குப் பாஸ் இலவசம் என்பது உண்மை. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கும் ஆசனக் காசு உண்டு. மகன் அங்கே வசிப்பவர் என்பதால் அவருக்கு யூரெயில் கிடைக்காது. ஐரோப்பாவில் வசிப்போருக்குள்ள இன்டர்ரெயில் பாஸைத்தான் அவர் வாங்கவேண்டும்.

உங்களுக்குப் பொருந்துவது 'பயேர்ன் டிக்கட்'. பயேர்ன் என்பது மியூனிக் அடங்கிய மாநிலத்தின் பெயர். ஒரே டிக்கட்டில் ஐந்து பேர்வரை ஒருநாள் முழுவதும் போகலாம். முதல் ஆளுக்கு ஒரு விலை, அடுத்து வரும் ஒவ்வொருவருக்கும் சிறு தொகைதான் கூடும். 6 முதல் 14 வயதுவரையான சொந்தப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள். அதைவிடச் சிறியவர்களுக்கு டிக்கட்டே வேண்டாம். ஆக, உங்கள் பேரப்பிள்ளைகளுக்குச் செலவில்லை. மியூனிக்கின் நிலக்கீழ் ரயிலுக்கும் ட்ராமுக்கும் பஸ்ஸுக்கும் அதே டிக்கட் போதும். வாரநாட்களில் காலை 9 மணிக்கு முன் செல்லாது. சனி, ஞாயிறு என்றால் நள்ளிரவிலிருந்தே செல்லும்.

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. மெதுவான பிராந்திய ரயில்களில் மட்டுமே ஏறலாம். ஒஸ்திரியாவிலுள்ள சால்ஸ்பர்க் நகரம்வரை இந்த டிக்கட் செல்லும். ஆனால் அதே ஊருக்கு அதே நிலையத்திலிருந்து வேக ரயிலும் புறப்படுகிறது. பலகையில் ஊர்ப் பெயரை மட்டும் பார்த்து அதில் ஏறினால் தண்டம்தான். மெதுவான ரயில் இரண்டு மணித்தியாலம் எடுக்கும். அதிலென்ன நட்டம்? ஜன்னலுக்கு வெளியே ஏரியும் மலையும் கூடவே வருகின்றன.

சால்ஸ்பர்க் போகும்போது எல்லோருடைய கடவுச்சீட்டும் கையில் இருக்கட்டும். பிரதி போதாது. ஷெங்கன் விசாவில் ஒஸ்திரியாவுக்கும் போகலாம்தான். ஆனாலும் திரும்பி வரும் வழியில் ஜேர்மன் பொலிஸார் ரயிலில் ஏறிப் பார்ப்பார்கள். முக்காடு போட்ட பெண்ணைக் கண்டு பார்க்கிறார்கள் என்று மனம் நோகவேண்டாம். எங்கள் பெட்டியில் வெள்ளைக்காரக் கிழவரிடமும் கேட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அவுக்ஸ்பர்க். முக்கால் மணி நேரம் போதும். அங்கே ஃபுக்கராய் என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. யாக்கோப் ஃபுக்கர் என்ற பெரும் வர்த்தகர் 1521இல் ஏழைகளுக்காக நிறுவியது. இன்றும் ஏழைக் கத்தோலிக்கர்கள் அங்கே வசிக்கிறார்கள். வருட வாடகை 88 சதம், ஒரு யூரோ கூட இல்லை. அந்தச் சிறு வீடுகளைப் பார்த்து நின்றபோது, நமது ஊர்களில் வக்பு செய்யப்பட்ட காணிகள் என் நினைவுக்கு வந்தன. அதைப் பற்றி இன்னொரு மாதம் எழுதுகிறேன்.

தொழுகையைப் பற்றியும் சிலர் கேட்பீர்கள். சால்ஸ்பர்க் ஏறக்குறைய 150 கிலோமீற்றர், கஸ்ர் தூரத்தைத் தாண்டிவிடும். ளுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழலாம். அவுக்ஸ்பர்க் அந்தத் தூரத்துக்கு வராது. ஜூன், ஜூலையில் அங்கே மஃரிப் ஆக இரவு 9 மணி தாண்டிவிடும் என்பதால் அஸருக்கு நிறைய அவகாசம் உண்டு. ஒரு வெறும் தண்ணீர்ப் போத்தலைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள மலசலகூடங்களில் நமக்குத் தேவையான தண்ணீர் இருக்காது. நிலையத்துக் கூடங்களில் காசும் கேட்பார்கள். ரயிலில் இலவசம், இறங்குவதற்கு முன்பே போய்விடுங்கள்.

இனி எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். திரும்பி வரும் நாள், நான்கு பெட்டிகளுடன் விமான நிலையத்துக்கு எஸ் 1 ரயிலில் ஏறினோம். தம்பிக்கு வேலை, கூட வரவில்லை. "முன்பக்கம் ஆட்கள் குறைவு, அங்கே ஏறுவோம்" என்றேன் நான். மனைவி பின்னால் ஏறலாம் என்றார். நான் கேட்கவில்லை. நொய்ஃபார்ன் என்ற நிலையத்தில் ரயில் கொஞ்சம் கூடுதலாக நின்றது. ஏதோ அறிவித்தார்கள், விளங்கவில்லை. ரயில் அங்கே இரண்டாகப் பிரிகிறது. பின்பாதி விமான நிலையத்துக்கும் முன்பாதி ஃபிரைஸிங் என்ற ஊருக்கும் போகும்! ஃபிரைஸிங்கில் இறங்கியபோது மனைவியின் கண்கள் கலங்கியிருந்தன. நான் வாயே திறக்கவில்லை. ஒரு மாணவி பெட்டியொன்றைத் தூக்கிக்கொண்டு எங்களை பஸ் நிறுத்தம்வரை கொண்டுபோய் விட்டாள். இருபது நிமிடத்தில் பஸ் விமான நிலையம் சேர்ந்தது. கவுண்டரை மூடுவதற்குச் சற்று முன்தான் போய் நின்றோம். ரயிலின் ஒவ்வொரு பெட்டியிலும் அது போகும் இடம் எழுதியிருக்கும். ஏறும்போதே வாசித்துவிடுங்கள். விளங்காவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

வியன்னா போன்ற தூர ஊர் ஒன்றுக்குப் போக ஆசையென்றால் அதற்கு மட்டும் தனி டிக்கட்டை இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே மகன் வாங்கிவைக்கட்டும். முந்தி வாங்கினால் மலிவு. ஆனால் குறித்த ரயிலில்தான் போகவேண்டும், காசும் திரும்பாது. போய்ச் சேரும் ஊர்வரை ஒரே டிக்கட்டாக இருப்பது நல்லது. அப்படியிருந்து 60 நிமிடம் தாமதமானால் கட்டணத்தில் 25 வீதமும், 120 நிமிடம் தாண்டினால் 50 வீதமும் திருப்பிக் கேட்கலாம். இத்தாலி போவீர்களானால், அங்கே மியூனிக்கை 'மொனாக்கோ' என்பார்கள், திகைக்கவேண்டாம். அங்குள்ள சாதாரண ரயிலுக்குக் கடதாசி டிக்கட் எடுத்தால் ஏறுமுன் இயந்திரத்தில் முத்திரை குத்தவும் வேண்டும். இரவு ரயிலில் போனால் ஓர் இரவு ஹோட்டல் காசு மிச்சம். குடும்பத்துக்கென்று முழு அறையையும் கேட்டு எடுக்கலாம். பெண்கள் மட்டும் படுக்கும் அறைகளும் உண்டு.

63 யூரோ மாத டிக்கட் என்று மகன் சொல்லக்கூடும். 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது, 2026 ஜனவரியில் 63 ஆயிற்று. மாதம் முழுக்கச் சுற்றும் ஒருவருக்கு அது நல்லது. ஆனால் ஆளுக்கொன்று, 6 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கும் ஒன்று. 10ஆம் திகதிக்குள் நிறுத்தச் சொல்லாவிட்டால் அடுத்த மாதமும் காசைக் கழிப்பார்கள்.

சாப்பாட்டுக்கு, மியூனிக் பிரதான நிலையத்தின் தென்பக்கமாக கோதே வீதியில் நடந்தால் துருக்கியரினதும் அரபிகளினதும் கடைகள் இருக்கின்றன. ஹலாலா என்று கேட்டே வாங்குங்கள். காலையில் வீட்டிலேயே ரொட்டி சுட்டு எடுத்துப் போனால் அன்றைய செலவில் பாதி குறையும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டியிருக்கும். சனிக்கிழமை இரவு 8 மணிக்குமுன் மாவும் முட்டையும் பிள்ளைகளுக்குப் பாலும் வாங்கி வைத்துவிடுங்கள்.