தெளிந்த பிறகும் நடுங்கும் கைகள்

ஓவர்லாக் மிஷினில் நூல் அறுந்துபோனால் டெய்லர் தலையைச் சற்றே சாய்த்து, நூல் நுனியை நாவில் நனைத்து, ஊசிக்காதில் ஒரே முயற்சியில் கோர்த்துவிட்டு மறுபடி மிதியை அழுத்துவார். சில விநாடிகளுக்கு மேல் ஆகாது. திருப்பூரில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவரின் வருமானம் என்பது இத்தகைய விநாடிகளின் கூட்டுத்தொகைதான். எனக்குத் தெரிந்த டெய்லர் ஒருவர், குடியை நிறுத்திய பன்னிரண்டாம் நாள், அந்த நூலைக் கோர்க்க முடியாமல் பக்கத்து மிஷின்காரரை அழைக்க நேர்ந்தது. அன்றிரவு என்னைப் பார்க்க வந்தார். "குடிக்கறப்போ காலைல ஒரு கட்டிங் போட்டா கை நின்னுக்குமுங்ணா. இப்ப நிறுத்தி பன்னண்டு நாளாச்சு, கை நிக்கவே மாட்டேங்குது. நிறுத்துனதே தப்போன்னு இருக்குதுங்ணா" என்றார்.

நான் என்ன பதில் சொன்னேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. "மனசுல உறுதி இருந்தா எல்லாஞ் சரியாப் போயிரும்" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த சனிக்கிழமை சம்பளம் வாங்கியவர் நேராக டாஸ்மாக் கடைக்குப் போனதாகப் பிறகு தெரிந்தது. திங்கட்கிழமை காலை ஒரு கட்டிங்குடன் வேலைக்கு வந்தவருக்குக் கை நடுங்கவில்லை. நன்றாகவே தைத்திருக்கிறார். என் வாக்கியத்தில் பிழை இருப்பதாக வெகுகாலம் எனக்குத் தோன்றவில்லை. அவருக்குத்தான் உறுதி போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

குடியைப் பற்றிப் பேச நமக்குப் பழகிப்போன மொழிகள் இரண்டு. ஒன்று அரசியலின் மொழி. 1937-இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது, 1971-இல் கருணாநிதி அரசு அதை விலக்கியது, 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் தொடங்கப்பட்டது, 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது என்று அதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. கடையைத் திறப்பதா மூடுவதா என்ற கேள்வியோடு அந்த மொழி நின்றுவிடும். மற்றது ஒழுக்கத்தின் மொழி. அதில் குடிப்பவன் கெட்டவன், நிறுத்தியவன் திருந்தியவன். நிறுத்திய மறுநாள் காலையில் கண்விழிக்கும் உடலைப் பற்றிச் சொல்ல இந்த இரு மொழிகளிலும் ஒரு சொல்கூட இல்லை.

மருத்துவம் சொல்வது ஏறத்தாழ இது. மூளையில் வேகத்தைத் தணிக்கும் வேதிப்பொருட்கள் உண்டு, தூண்டும் வேதிப்பொருட்களும் உண்டு. மது முன்னதற்குத் துணைபோகிறது, பின்னதை அடக்குகிறது. ஆண்டுக்கணக்கில் அன்றாடம் இது நிகழும்போது மூளை ஈடுகட்டப் பழகுகிறது. தூண்டும் பக்கத்தைக் கூட்டியும் தணிக்கும் பக்கத்தைக் குறைத்தும் ஒரு புதிய சமநிலைக்கு வருகிறது. மது திடீரென்று நின்றதும் அது குலைகிறது. முதல் நாளிலேயே கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், குமட்டும். முதல் 2 நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாட்களுக்குள் ஒரு சிலருக்கு மாயத் தோற்றங்களும் கடும் குழப்பமும் காய்ச்சலுமாக, உயிரையே பறிக்கக்கூடிய நிலை வரும். தாமஸ் சட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1813-இலேயே இந்நிலைக்குப் பெயரிட்டு எழுதிவிட்டார். ஆகவே நெடுநாள் கடுமையாகக் குடித்தவர் வைராக்கியத்தோடு ஒரே நாளில், தனியாக, வீட்டில் இருந்தபடி நிறுத்துவது ஆபத்தானது. மருத்துவரின் மேற்பார்வையில் நிறுத்துவதே முறை. நாம் உறுதி என்று மெச்சும் காரியம் சில வேளைகளில் ஆளையே கொன்றுவிடும்.

இந்தப் புயல் பெரும்பாலும் ஒரு வாரத்தில் ஓய்ந்துவிடும். அதன்பிறகு வருவதைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. உறக்கம் பல மாதங்கள் வரை துண்டுதுண்டாகவே வரும். கனவில் குடித்துவிட்டுப் பதறி எழுந்து, வாயை முகர்ந்து பார்த்துக்கொள்பவர்கள் உண்டு. மெல்லிய நடுக்கம் சிலருக்கு வாரக்கணக்கில் தங்கும். காரணமற்ற எரிச்சல், அசதி, கவனச்சிதறல், இனிப்பின் மீது அடங்காத ஆசை, எதிலும் பிடிப்பின்மை எல்லாம் வந்து வந்து போகும். பாதங்கள் எரியும், அல்லது மரத்துப்போகும். மதுவும், சரியாக உண்ணாததால் வரும் தயமின் போன்ற சத்துக்களின் குறைவும் நரம்புகளைக் கெடுத்ததன் விளைவு அது. நரம்பு மிக மெதுவாகவே தேறும்; சிலருக்கு முழுமையாகத் தேறுவதில்லை. நீண்டநாள் குடி இரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கவைக்கும். ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால், அவை பழைய அளவுக்குத் திரும்பவே மாதங்கள் பிடிக்கின்றன. இரத்தத்துக்கே அவ்வளவு காலம் தேவைப்படும்போது, பன்னிரண்டு நாளில் ஒரு மனிதன் சரியாகிவிட வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம்.

இந்த நீண்ட உபாதைகளைத் தனியொரு நோயாகக் கொள்வதா என்பதில் மருத்துவர்களிடையே உடன்பாடு இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கத்தின் கையேட்டில் அதற்குத் தனித் தலைப்பு கிடையாது. ஆனால் உறக்கமின்மையும் மனச்சோர்வும் ஒருவரை மறுபடி குடிக்கத் தள்ளக்கூடியவை என்பதை இத்துறையில் பணியாற்றும் எவரும் மறுக்கமாட்டார்.

இப்போது அந்த உடலைத் திருப்பூருக்குள் வைத்துப் பாருங்கள். காலையில் தொடங்கி இரவு எட்டரை வரை நீளும் ஒன்றரை ஷிப்ட். ஷிப்மென்ட் நெருங்கினால் விடிய விடிய வேலை. கை நடுங்குபவருக்கு ஓவர்லாக் மிஷினின் கத்தியும் ஊசியும் விரலுக்கு அருகில். பாதம் எரிபவருக்கு நாள் முழுக்க நின்றே செய்யும் அயர்ன் டேபிள். பாதம் மரத்தவருக்கு மிதியின் அழுத்தம் பிடிபடாது. தையல் ஓடிவிடும், பீஸ் டேமேஜ் ஆகும், செக்கிங்கிலிருந்து திரும்பி வரும். உறங்கியே ஆக வேண்டியவர் ஐந்தாறு பேர் முறைவைத்துப் படுக்கும் அறைக்குத் திரும்புகிறார். தெற்கத்தி மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகாரிலிருந்தும் தனியாக வந்தவர்களுக்குக் கைநடுக்கத்தைக் காட்டிச் சொல்ல வீட்டாரும் அருகில் இல்லை. சனிக்கிழமை மாலை கையில் பணம். எல்லா உபாதைகளையும் அரை மணி நேரத்தில் தீர்த்துவைக்கும் ஒரே மருந்து எங்கே கிடைக்கும் என்பது அவருடைய உடலுக்குத் தெரியும். அந்த மருந்து வேலை செய்யவும் செய்கிறது என்பதுதான் இதில் கொடுமை.

இலக்கியம் படிப்பவர்களான நாமும் இதில் யோசிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. திருப்பூரின் வாழ்க்கை நம் நாவல்களில் பதிவாகாமல் இல்லை. சாயக்கழிவின் துயரத்தை சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை'யும், பனியன் தொழிலோடு சேர்ந்து வளர்ந்தும் சிதைந்தும் போனவர்களின் கதையை எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல் கடிகை'யும் நமக்குத் தந்திருக்கின்றன. பொதுவாகத் தமிழ்ப் புனைவில் குடிப்பவனுக்கும் பஞ்சமில்லை. அவனுடைய உளறல், அழுகை, தத்துவம், மனைவியின் காதணி அடகுக்குப் போவது, கடைசியில் சாவு என எல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. நிறுத்தியவனின் நாற்பதாவது இரவை மட்டும், நான் வாசித்த வரையில், எங்கும் பார்த்ததில்லை. காரணம் புரிகிறது. குடியில் சம்பவங்கள் உண்டு. நிறுத்திய பிறகு வெளிப்பார்வைக்கு ஒன்றுமே நடப்பதில்லை. ஒருவன் இரவு மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவுதான். ஆனால் எழுதப்படாத அனுபவத்துக்குச் சொற்கள் அமைவதில்லை. சொற்கள் அமையாதபோது அவன் தன் எரியும் பாதத்தைத் தன் குணக்கேடு என்று எண்ணிக்கொள்கிறான். நானும் அப்படித்தான் எண்ணினேன்.

இதையெல்லாம் முன்கூட்டிச் சொன்னால் நிறுத்த நினைப்பவர் பயந்து பின்வாங்கிவிடமாட்டாரா என்று ஒரு நண்பர் கேட்டார். குடிப்பதற்குச் சாக்கு கற்றுக்கொடுப்பதாகாதா என்றும் கேட்டார். நியாயமான கேள்விகள். என் எண்ணம் இதுதான்: பிரசவ வலி இத்தனை நேரம் இருக்கும் என்று தெரிந்த பெண் அதைத் தாங்குவதற்கும், எதுவென்றே அறியாமல் அலறுவதற்கும் வேறுபாடு உண்டு. நடுக்கம் ஆறுவதன் அடையாளம், அதற்கொரு முடிவு உண்டு என்று தெரிந்தவருக்குக் காத்திருப்பது சற்று எளிது. உறுதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த உறுதி மருத்துவரிடம் தொடர்ந்து போவதற்குப் பயன்பட வேண்டும். எல்லா உபாதையும் குடியை நிறுத்தியதால் வருவதாகவும் இருக்காது. சர்க்கரை நோயும் பாதத்தை எரிக்கும், தைராய்டு கோளாறும் கையை நடுங்கவைக்கும். அதற்காகவும் மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

ஆனால் பார்ப்பவர் எத்தனை பேர்? மத்திய அரசுக்காக எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவரே ஏதேனுமொரு சிகிச்சை பெற்றிருக்கிறார். மற்றவர்களுக்குக் கிடைப்பது கோயிலில் கட்டும் கயிறு, என்னைப் போன்றவர்களின் அறிவுரை, அல்லது 'குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்' என்று விற்கப்படும் மாத்திரை. மருத்துவர் நோயாளிக்குச் சொல்லி, அவர் சம்மதத்தோடு தர வேண்டிய மருந்துகள் இருக்கின்றன. அவற்றை ரகசியமாகச் சாம்பாரில் கலந்தால், குடித்தவுடன் இரத்த அழுத்தம் சரிந்து ஆள் சாகவும் கூடும்.

கம்பெனிகளால் ஆகக்கூடியதும் உண்டு. நிறுத்தியிருக்கும் டெய்லரை முதல் சில வாரங்கள் மிஷினிலிருந்து எடுத்து மடிப்புக்கோ பேக்கிங்குக்கோ மாற்றலாம். இரவு வேலையிலிருந்து விலக்கலாம். ஈ.எஸ்.ஐ. திட்டத்தில், நோய் என்று மருத்துவர் சான்றளித்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவிகித ஊதியம் கிடைக்க வழியிருக்கிறது. பீஸ் ரேட்டிலும் காண்ட்ராக்டிலும் இருப்பவர்களில் பலர் அந்தப் பதிவேட்டிலேயே இல்லை என்பது வேறு துயரம். பதிவேட்டில் இருப்பவருக்கும் குடியை நிறுத்திய உடல் நோயுற்ற உடல் என்று யாராவது சொல்ல வேண்டும். 1980-இல் சென்னையில் சாந்தி ரங்கநாதன், குடிநோயால் கணவரை இழந்த பிறகு தொடங்கிய சிகிச்சை நிலையம் இதைத்தான் சொல்லிவருகிறது: இது நோய், இதற்குச் சிகிச்சை உண்டு, குடும்பத்துக்கும் அதில் இடமுண்டு. நாற்பதாண்டுகளுக்கு மேலாகியும் அந்தச் செய்தி நம் லைன் வீடுகளுக்கு வந்துசேரவில்லை.

அந்த டெய்லர் இரண்டாம் முறை மருத்துவமனையில் சேர்ந்து நிறுத்தினார். இப்போது ஐந்தாம் மாதம். கை நின்றுவிட்டது, நூல் கோர்க்கிறார். பாதம் மட்டும் இரவில் இன்னும் எரிகிறது என்கிறார். போன வாரம் வந்தபோது குடியைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. தூக்கம் எப்படி என்று கேட்டேன். நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.