தாளம் ஒன்றுதான், பாட்டு வேறு!

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் கையில் கிடைக்கும் சிடிக்களை எல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றுவோம். பிறகு இடம் போதவில்லை என்று அழிக்க ஆரம்பிப்போம். நானும் அப்படித்தான் செய்தேன்.

நண்பர் ஒருவர் ஜமைக்கா நாட்டு டான்ஸ்ஹால் தொகுப்பு ஒன்றைக் கொடுத்தார். அதன் பெயர் 'திவாலி'. ஆம், நம் தீபாவளிக்கு வடக்கே வழங்கும் பெயர்தான்! காப்பி செய்துவிட்டு ஒவ்வொரு பாட்டையும் சில நொடிகள் ஓடவிட்டேன். எல்லாவற்றிலும் அதே கைத்தட்டல், அதே தாளம். ஒரே பைல் பலமுறை காப்பியாகிவிட்டது என்று நினைத்து, ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் டெலீட் செய்தேன். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன். உண்மை தெரிந்தபோது நண்பர் சிடியுடன் வெளியூர் போய்விட்டிருந்தார்.

அவை ஒரே பாட்டு அல்ல. ஜமைக்காவில் பின்னணித் தாளத்தை 'ரிடிம்' என்பார்கள். ஒருவர் ரிடிம் அமைப்பார். அதன் மேல் பல பாடகர்கள் தனித்தனிப் பாட்டு பாடுவார்கள். 'திவாலி' ரிடிமை அமைத்தவர் ஸ்டீவன் 'லெங்கி' மார்ஸ்டன். அதில் ஷான் பால் பாடிய 'கெட் பிஸி' 2003-ல் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதே தாளத்தில் வெய்ன் வொண்டர் பாடிய 'நோ லெட்டிங் கோ' மென்மையான காதல் பாட்டு.

இது சோம்பேறித்தனம் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தாளம் எல்லோருக்கும் பொது என்றால், பாடகர் தன் குரலாலும் சொல்லாலும் மட்டுமே ஜெயிக்க வேண்டும். அது சுலபமா? 1985-ல் வெய்ன் ஸ்மித் பாடி, ஜாமி தயாரித்த 'ஸ்லெங் டெங்' ரிடிமைப் பாருங்கள். காசியோ எம்டி-40 என்ற சிறிய கீபோர்டில், பட்டனை அழுத்தினால் ஒலிக்கும்படி ஏற்கெனவே பதிந்து வைத்த தாளம் அது. வேகத்தைக் குறைத்து அதைப் பயன்படுத்தினார்கள். ஜமைக்கா இசை டிஜிட்டலுக்கு மாறியதில் அந்தப் பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. ரெடிமேட் தாளமும் நல்ல கைகளில் புதுமை ஆகும்.

இத்தகைய தொகுப்பு உங்களிடம் இருந்தால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். பல பிளேயர்கள் பாடகர் பெயர்படி பிரிப்பதால் ஆல்பம் சிதறிவிடும். விண்டோஸில் எல்லாப் பைல்களையும் தேர்வு செய்து, ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் டீடெயில்ஸ் பகுதிக்குப் போங்கள். 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' என்ற இடத்தில் எல்லாவற்றுக்கும் 'பல பாடகர்கள்' என்று ஒரே பெயர் கொடுங்கள். 'ஆல்பம்' பெயரும் ஒன்றாக இருக்கட்டும். பாடகர் பெயர் உள்ள இடத்தை மட்டும் மாற்றாதீர்கள்.

அடுத்து, டெலீட் பட்டனைத் தொடும் முன் ஒரு பாட்டையாவது முழுதாகக் கேளுங்கள். தாளத்தை மட்டும் கேட்டு முடிவு செய்ததால்தான் நான் ஒரு ஆல்பத்தை இழந்தேன்.